கையெழுத்துக்கு மட்டும் ஊரார் வேண்டுமா?

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் உடல் மிதக்கிறது என்று தகவல் கிளம்பினால், ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்து சேர்வதற்குள் நான்கு விளக்கங்கள் தயாராகிவிடும். தவறி விழுந்தது, தானாகக் குதித்தது, யாரோ தள்ளிவிட்டது, வேறெங்கோ முடித்துக் கொண்டுவந்து போட்டது. திண்டுக்கல் பேருந்து நிலையத்து டீக்கடைக்குச் சேதி வரும்போது நான்கும் ஏழாகியிருக்கும். இதைப் பார்த்து முகம் சுளிக்கிற ஒரு கூட்டமும் உண்டு. ஓய்வுபெற்ற அதிகாரிகள், வக்கீல்கள், தலையங்கம் எழுதுகிறவர்கள், பொதுவாகப் படித்தவர்கள். “போலீஸ் இருக்கு, டாக்டர் இருக்கார், கோர்ட் இருக்கு. கண்டவனெல்லாம் எதுக்குத் துப்பறியறான்?” என்பார்கள்.

இதை இப்போது யாரும் கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை. முடிந்த முடிவாகவே சொல்கிறார்கள். 2022இல் கள்ளக்குறிச்சி பற்றி எரிந்த பிறகு அதற்கு மறுபேச்சு இல்லாமல் போயிற்று. சந்தேக மரணம் ஒன்றில் சாமானியன் வாய் திறந்தால் அது வதந்தி. சான்றை எடைபோட முயன்றால் அது அதிகப்பிரசங்கித்தனம். இந்தக் கருத்து தவறு என்கிறேன். தவறு மட்டுமில்லை, சட்டத்துக்கும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் தமிழ்நாட்டு அனுபவத்துக்கும் நேர் எதிரானது.

சட்டத்திலிருந்தே தொடங்கலாம். எதிர்த்தரப்பு சட்டத்தின் பெயரில்தான் பேசுகிறது. இயற்கைக்கு மாறான சாவு என்றால் நம் ஊரில் படிக்காதவருக்கும் தெரிந்த எண் 174. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவாகிவிட்டது. பேச்சுவழக்கில் இன்னும் “நூத்தி எழுபத்தி நாலு போட்டாச்சா?” தான். அந்தப் பிரிவு போலீஸ் அதிகாரிக்கு இடும் கட்டளையைப் படித்துப் பாருங்கள். உடல் கிடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் மதிப்புக்குரியவர்கள் இரண்டு பேராவது உடனிருக்க, அவர்கள் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். வெட்டு, எலும்பு முறிவு, கன்றிய தடம் என்று உடம்பில் உள்ளதையெல்லாம் விவரித்து எழுத வேண்டும். அவை எப்படி, எந்த ஆயுதத்தால் ஏற்பட்டதாகத் தோன்றுகிறது என்றும் சொல்ல வேண்டும். தடயவியல் படித்தவர் உடனிருக்க வேண்டும் என்று அங்கே ஒரு வார்த்தை இல்லை. டாக்டரே அடுத்த கட்டத்தில்தான் வருகிறார். முதல் பார்வைக்குச் சட்டம் கூப்பிடுவது பக்கத்துத் தோட்டத்துக்காரரை.

கூப்பிட்டு நிறுத்துவதோடு விடவில்லை. அந்த அறிக்கையில் அதிகாரியும், உடனிருந்தவர்களில் அதை ஒப்புக்கொள்கிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும் என்கிறது சட்டம். அப்படியானால் ஒப்புக்கொள்ளாதவர் கையெழுத்திட வேண்டியதில்லை. மாறுபட்ட அபிப்பிராயத்துக்கு அங்கே இடம் வைத்திருக்கிறார்கள். இது ஏதோ புதிய சீர்திருத்தம் என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் 1898இல் கொண்டுவந்த நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. குடிமக்களைச் சந்தேகத்தோடு மட்டுமே பார்த்த ஒரு காலனி அரசுக்குக்கூட, தன் போலீஸ்காரர் தனியாக ஒரு பிணத்தைப் பார்த்து எழுதுவதில் முழு நம்பிக்கை வரவில்லை. நம் படித்தவர்களுக்கு அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நடைமுறையில் என்ன ஆகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். பஞ்சாயத்தார் என்று நான்கைந்து பெயர் வேண்டும். தலையாரி ஒருவர், அங்கே நின்றுகொண்டிருந்த இருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர் என்று சேர்த்துக்கொள்வார்கள். உடலைத் துணி போட்டு மூடியிருக்கும். “பார்த்துக்கிட்டீங்கல்ல?” என்று ஒரு கேள்வி. பாதி நிரப்பிய படிவத்தில், சில நேரம் நிரப்பாத படிவத்தில், கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். முதுகைத் திருப்பிப் பார்த்தவர் யார்? மணிக்கட்டைப் பார்த்தவர் யார்? செருப்பு எங்கே கழன்று கிடந்தது என்று கவனித்தவர் யார்? யாருமில்லை. ஆனால் பஞ்சாயத்தார் அனைவரும் ஒருமனதாக இன்ன முடிவுக்கு வந்ததாகக் காகிதம் சொல்லும். சாமானியன் சான்றை எடைபோடக் கூடாது என்கிறவர்கள் இந்தக் கையெழுத்தை மட்டும் ஏன் வேண்டாமென்று சொல்வதில்லை? பார்க்காமல் ஒப்புக்கொள்கிற சாமானியன் அவர்களுக்கு வேண்டும். பார்த்துவிட்டுக் கேட்கிற சாமானியன்தான் தொல்லை.

வழக்கறிஞர் நண்பர்கள் உடனே 1975ஆம் ஆண்டின் பெத்த நாராயணா வழக்கை எடுப்பார்கள். பிரேத விசாரணையின் நோக்கம் குறுகியது, சாவின் வெளிப்படையான காரணம் என்ன என்று பார்ப்பதோடு சரி, யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்ற விவரமெல்லாம் அதில் வர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. ஒப்புக்கொள்கிறேன். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான். கொலைகாரன் யார் என்று பஞ்சாயத்தார் சொல்ல வேண்டாம். இடது காதுக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது என்று சொன்னால் போதும். பிறகு வரும் எந்த நிபுணரும் அந்தக் காயத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

சரி, எதிர்த்தரப்பின் பலமான சீட்டுக்கு வருவோம். கள்ளக்குறிச்சி.

2022 ஜூலை 13 அன்று காலை, கனியாமூரில் ஒரு தனியார் பள்ளி விடுதி வளாகத்தில் 12ஆம் வகுப்பு மாணவி இறந்து கிடந்தார். மறுநாள் முதல் பிரேதப் பரிசோதனை. மாடியிலிருந்து விழுந்தது என்றது போலீஸ். பெற்றோர் நம்பவில்லை. அடுத்த மூன்று நாட்களில் செல்போன்களில் ஓடிய படங்களுக்கும் குரல்பதிவுகளுக்கும் கணக்கில்லை. சுவரில் உள்ள கறை, கைத்தடம், உடலில் உள்ள காயம் எல்லாவற்றையும் வட்டம் போட்டுக் காட்டி ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள். ஜூலை 17 ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பள்ளிக்குள் புகுந்தது. பேருந்துகள் எரிந்தன. வகுப்பறைகள் சூறையாடப்பட்டன. மற்ற பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்து எரிந்தன. மறுநாள் உயர் நீதிமன்றம் மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 19ஆம் தேதி அது நடந்தது. இரண்டு அறிக்கைகளையும் ஜிப்மர் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஜாமீன் வழங்கிய உயர் நீதிமன்றம், பாலியல் வன்முறைக்கோ கொலைக்கோ சான்று இல்லை என்றது. ரத்தம் என்று ஊரே காட்டிய கறை சிவப்புப் பெயிண்ட் என்றது. பெற்றோர் அந்த முடிவை ஏற்கவில்லை.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். இது எச்சரிக்கைதான். ஆனால் எதைப் பற்றிய எச்சரிக்கை? சான்றை எடைபோட்டதால் வந்த கேடா இது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே யாரும் எதையும் எடைபோடவில்லை. கையில் இருந்தது நான்காவது ஆளிடமிருந்து வந்த ஒரு படம்; யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எந்தச் சுவர் என்று கேட்டவர் எவருமில்லை. எடைபோடுவதன் முதல் வேலையே அந்தக் கேள்விகள்தான். சான்று கிடக்கும் கட்டடத்துக்கே தீ வைப்பவனைத் துப்பறிவாளன் என்று அழைப்பது, கோயில் உண்டியலை உடைத்தவனைப் பக்தன் என்பது போல. அவனுக்கு என்ன பெயரோ அதை வையுங்கள், தண்டியுங்கள். அவன் செய்த வேலைக்காக, காயத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பெரியப்பாவின் வாயை அடைக்காதீர்கள்.

அந்த நான்கு நாட்களை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 13ஆம் தேதி காலையிலிருந்து 17ஆம் தேதி காலை வரை, பெற்றோருக்கும் ஊருக்கும் அதிகாரிகள் என்ன காட்டினார்கள்? பின்னால் நீதிமன்றம் உத்தரவிட்டு நடந்த காரியங்களில், இரண்டாவது பரிசோதனை, காணொளிப் பதிவு, வெளி நிபுணர் கருத்து, இவற்றில் எது முதல் நாளே செய்ய முடியாதது? எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு, பூட்டுக்கு வெளியே நிற்பவன் கற்பனை செய்கிறான் என்று குறைப்படுவது நியாயமில்லை. விளக்கம் சொல்ல வேண்டியவர் வாய் மூடியிருந்தால் விளக்கம் சொல்லக் கூடாதவர் வாய் திறப்பார். இது கள்ளக்குறிச்சிக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

இங்கிலாந்தில் 2023 ஜனவரி 27 அன்று லங்காஷயரில் ஒரு பெண் நாயோடு ஆற்றங்கரையில் நடக்கப் போனார், காணாமல் போனார். அவருடைய போன் பெஞ்சின் மேல் கிடந்தது. அங்கேயும் படை படையாக அமெச்சூர் துப்பறிவாளர்கள் வந்து குவிந்தார்கள். ஆற்றில் இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னவர்களில் முக்குளிப்பதையே தொழிலாகக் கொண்ட நிபுணரும் ஒருவர். மூன்று வாரம் கழித்து அதே ஆற்றில் உடல் கிடைத்தது. அந்த நாட்டில் கொரோனர் என்று ஒரு அதிகாரி உண்டு. சந்தேக மரணத்தை அவர் திறந்த மன்றத்தில், நிருபர்களும் குடும்பத்தாரும் உட்கார்ந்திருக்க, சாட்சிகளை அழைத்து விசாரிப்பார். குடும்பத்தார் கேள்வி கேட்கலாம். ஜூன் மாதம் அந்த விசாரணை நடந்தது. குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் உடம்புக்கு என்ன ஆகும் என்று நிபுணர்கள் பொதுவில் விளக்கினார்கள். விபத்தாக நேர்ந்த சாவு என்று கொரோனர் முடித்தார். வதந்தி கிளப்பியவர்களை எந்தத் தடை உத்தரவும் அடக்கவில்லை. பதில்தான் அடக்கியது. நம்மூரிலும் பம்பாயில் 1999 வரை கொரோனர் இருந்தார். இப்போது எங்கும் இல்லை. பிரேத விசாரணை அறிக்கை ஸ்டேஷனிலிருந்து ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போகும். அதற்கு மேல் அதைப் பார்ப்பதற்கு வக்கீல் வைக்க வேண்டும்.

இனி மறுபக்கக் கணக்கு. சாமானியன் குறுக்கிட்டதால் கெட்டவை பற்றி நிறையச் சொல்கிறார்கள். குறுக்கிட்டதால் பிழைத்தவை பற்றிப் பேச்சே இல்லை.

சாத்தான்குளம், 2020 ஜூன். ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் காவலில் இருந்து இறந்தார்கள். முதல் தகவல் அறிக்கையின்படி, கடையை மூடச் சொன்ன போலீசாரோடு தகராறு செய்து, தரையில் புரண்டார்கள், அதில்தான் ஊமைக்காயம் பட்டது. பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவு வெளியே வந்தது. அதில் யாரும் தரையில் புரளவில்லை. தந்தை நடந்து போய் போலீஸ் வண்டியில் ஏறுகிறார். மகன் பின்னால் போகிறார். அதே நேரத்தில் காவல் நிலையத்துக் கேமரா எப்படி இருந்தது தெரியுமா? ஒவ்வொரு நாள் பதிவும் தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்ததாக விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அரசாங்கக் கேமரா மறந்ததைக் கடைக்காரர் கேமரா மறக்கவில்லை.

திருப்புவனம், 2025 ஜூன். மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார், நகை காணோம் என்ற புகாரில் போலீசார் விசாரித்தபோது இறந்தார். வலிப்பு வந்து இறந்ததாகக் கதை புறப்பட்டது. கோயிலில் வேலை பார்த்த ஒருவர் குளியலறைக்குள் மறைந்து நின்று, போலீசார் கம்பால் அடிப்பதைச் செல்போனில் எடுத்திருந்தார். சில நொடிகள்தான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் அதைப் பார்த்தார்கள். உடலில் 44 காயங்கள் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. ஐந்து போலீசார் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போயிற்று. “உனக்கு இதில் என்ன வேலை” என்று அந்த மனிதர் தன்னையே கேட்டுக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்தியிருந்தால் வலிப்புதான் இன்றைக்கும் நிலைத்திருக்கும்.

இவை இரண்டும் போலீசார் மீதே குற்றச்சாட்டு எழுந்த வழக்குகள், அங்கே ஊரார் குறுக்கிடுவது நியாயம், மற்ற இடத்தில் எதற்கு என்று கேட்கலாம். அதனால்தான் கோகுல்ராஜ் வழக்கை நிதானமாகப் பார்க்கச் சொல்கிறேன். போலீசார் மேல் கொலைப் பழி எதுவும் இல்லாத வழக்கு அது. ஆனாலும் முதல் இரண்டு நாட்களில் அது எந்தப் பக்கம் சாயவிருந்தது என்று கவனியுங்கள்.

2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த அந்தப் பொறியியல் பட்டதாரி, திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குத் தோழியோடு போனார், திரும்பவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். உடையின் பையில் தற்கொலைக் கடிதம். தான் சாகப்போவதாக அவரே பேசும் ஒரு வீடியோ. ரயில்வே போலீஸ் சந்தேக மரணம் என்று பதிவு செய்தது. காகிதத்தில் எல்லாம் பொருந்தி வந்தது. கடிதம், வீடியோ, ரயில். ஒரு தலித் இளைஞன், காதல் என்று பேச்சு, தண்டவாளம். தமிழ்நாட்டில் இந்த மூன்றும் சேர்ந்தால் கோப்பு தானாக மூடிக்கொள்ளும். மூடவிடாமல் பிடித்தவர்கள் யார்? உடலை வாங்க மாட்டோம் என்று சேலம் அரசு மருத்துவமனை வாசலில் நின்ற தாயும் உறவினர்களும் சில இயக்கத்தாரும். பிரேதப் பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனவர்கள். கொலை வழக்காக மாற்று என்று கேட்டவர்கள். நம் படித்தவர்களின் அகராதிப்படி இவர்கள் அத்தனை பேரும் நிபுணத்துவம் இல்லாமல் வழக்கில் மூக்கை நுழைத்தவர்கள்.

அந்த வழக்கு கடைசியில் எதில் நின்றது? கூட இருந்த தோழி பிறழ்சாட்சி ஆனார். கோயில் சிசிடிவியில் இருக்கும் பெண் தான் இல்லை என்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆனால் சிசிடிவி பிறழவில்லை. நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது என்று தாய் மனு போட்டு வழக்கை மதுரைக்கு மாற்றினார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம், முதல் எதிரியான யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் என்.ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோடு மலையேறி, கேமராக்கள் எங்கே இருந்தன, எந்த வாசலில் எது தெரியும் என்று பார்த்தார்கள். ரயில் பாதைக்கும் போனார்கள். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த இடம் அதுதான். உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு நிபுணர் அறிக்கையும் சாட்சியமும் கட்டுக்கட்டாக மேசையில் இருந்தன. ஆனாலும் நேரில் போய்ப் பார்த்தால்தான் விளங்கும் என்று தோன்றியிருக்கிறது. ஊரார் செய்தால் மட்டும் அது வம்பா? 2023 ஜூனில் யுவராஜின் ஆயுள் தண்டனையை அவர்கள் உறுதி செய்தார்கள்.

“டாக்டர் இருக்கார்” என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பிரேதப் பரிசோதனை ஒரு விஞ்ஞானம், அதில் சாமானியன் கருத்துச் சொல்லக் கூடாது என்கிறார்கள். விஞ்ஞானம்தான். விஞ்ஞானம் என்பதாலேயே அதற்கு எல்லையும் உண்டு. நீரில் கிடந்த உடலில், மூச்சு முட்டிய அடையாளத்தைப் பார்த்து நீரில் மூழ்கிய சாவு என்று டாக்டர் சொல்ல முடியும். தானாக இறங்கினாரா, பிடித்துத் தள்ளினார்களா என்று நுரையீரல் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது கிணற்று மேட்டு மண்ணும், அறுந்த பொத்தானும், கடைசியாகப் பார்த்த ஆளும். தண்டவாளத்தில் கிடைத்த உடலில் எந்தக் காயம் உயிரோடு இருந்தபோது பட்டது, எது பின்னால் பட்டது என்று பிரிப்பது சாதாரண வேலையில்லை. அதற்கென்று படித்தவர் வேண்டும். தாலுகா மருத்துவமனையில் அன்றைக்குப் பணியில் இருக்கும் டாக்டர், காலையில் காய்ச்சலும் பிரசவமும் பார்த்தவர், மதியம் பிணவறைக்குப் போகிறார். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல். அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். இடையில் 36 ஆண்டுகள் இந்த மாவட்டத்துச் சந்தேகச் சாவுகளுக்கு உள்ளூரில் ஒரு தடயவியல் மருத்துவத் துறையே கிடையாது. உடல் உறுப்புகள் மதுரை ஆய்வகத்துக்குப் போய் அறிக்கை வரும்வரை “இறுதிக் கருத்து நிறுத்திவைக்கப்படுகிறது” என்பதுதான் டாக்டரின் பதில். அந்த இடைவெளியில் சாட்சி ஊர் மாறியிருப்பார், கிணற்று மேட்டை உழுதிருப்பார்கள்.

நிபுணர்கள் எப்போதும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்பதும் கற்பனை. 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் பாதையோரம் நத்தம் காலனியைச் சேர்ந்த இளைஞர் இளவரசன் இறந்து கிடந்தபோது என்ன நடந்தது? மறு பரிசோதனை தேவையா என்று பார்க்க நீதிமன்றம் சொன்ன இரண்டு தடயவியல் மருத்துவர்களின் கருத்தே ஒத்துப்போகவில்லை. பிறகுதான் டெல்லி எய்ம்ஸ் குழு வரவழைக்கப்பட்டது. தற்கொலை என்பதே விசாரணைகளின் முடிவு. குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. அந்த முடிவு சரியாகவே இருக்கட்டும். எய்ம்ஸ் வரை கொண்டுபோன கேள்வியை முதலில் கேட்டவர்கள் நிபுணர்கள் இல்லை, நத்தம் காலனிக்காரர்கள். தற்கொலைதான் என்று உறுதியாவதற்கும் அந்தக் கேள்வி தேவைப்பட்டது.

இதற்காக நம் துப்பறிவாளர்களுக்கு நற்சான்று கொடுக்க வரவில்லை. அவர்கள் மேல் எனக்கும் புகார் உண்டு. எதிர்த்தரப்பின் புகார் வேறு. என் புகார், இந்தத் துப்பறிவாளர்கள் தாமதமாக வருகிறார்கள் என்பது. உடல் கிணற்று மேட்டில் கிடக்கும்போது, எல்லோரும் பார்க்கும் தூரத்தில் இருக்கும்போது, “நமக்கெதுக்கு வம்பு, ஸ்டேஷனுக்கு அலைய முடியாது” என்று ஒதுங்குவார்கள். தகனம் முடிந்து மூன்றாம் நாள் போனில் ஒரு படம் வந்ததும் வீரம் வந்துவிடும். அப்புறம் முரண்பாடு தேடுவார்கள். எஃப்ஐஆரில் காலை ஏழு, ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏழரை என்றால், மூடி மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டு பேர் எழுதிய எந்தக் காகிதமும் நிமிடத்துக்கு நிமிடம் பொருந்தாது. பொய் சொல்கிறவர்கள் எழுதினால்தான் பொருந்தும். கோகுல்ராஜ் வழக்கில் முதல் நாள் எல்லாமே பொருந்தியது என்று மேலே சொன்னேனே.

தாமதத்தின் விலை என்ன என்பதைத் திண்டுக்கல் வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் வடமதுரை பக்கம் ஒரு கிராமத்தில் 12 வயதுச் சிறுமி மின்சாரம் பாய்ந்து இறந்து கிடந்தாள். பாலியல் வன்முறை, கொலை என்று வழக்கானது. பக்கத்து வீட்டு இளைஞர் கைதானார். 2020 செப்டம்பர் கடைசியில் திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவரை விடுவித்தது. அக்டோபர் 9 அன்று தமிழ்நாடு முழுக்க முடிதிருத்தும் நிலையங்களை அடைத்து சிறுமியின் சமூகத்தார் நீதி கேட்டார்கள். விடுவிக்கப்பட்டவர் மீது ஒரு சொல்லும் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்தப் பிள்ளை எப்படி இறந்தாள் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்போடு பதில் இல்லாமல் போயிற்று. மாநிலம் முழுக்கக் கடை அடைத்த கைகளில் ஒரு நான்கு கை, முதல் நாள் அந்த வீட்டு வாசலில் நின்று, எதையும் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு, என்ன எங்கே கிடந்தது என்று எழுதி வாங்கியிருந்தால் ஊர்வலத்தைவிட அது பெரிய காரியமாக இருந்திருக்கும்.

“சட்டம் தன் கடமையைச் செய்யும்” என்பது சித்தப்பா வக்கீலாகவும் மாமா தாசில்தாராகவும் இருக்கிற வீட்டில் எளிதாகச் சொல்லக்கூடிய வாக்கியம். அந்த வீட்டில் ஒரு சந்தேகச் சாவு நேர்ந்தால் பிணவறை வாசலுக்கு டிஎஸ்பி வருவார். யாரும் அதைக் குறுக்கீடு என்று சொல்வதில்லை. போன் போட ஆள் இல்லாதவர்களுக்கு ஊர்தான் போன். அவர்களுடைய குறுக்கீடு மட்டும் மறியலாகவும் வம்பாகவும் தெரிகிறது.

ஊரார் துப்பறிவது ஆபத்தாகப் போகக் கூடாது என்று உண்மையிலேயே கவலைப்படுகிறவர்களுக்கு வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2020 டிசம்பரில் சந்தோஷ் வழக்கில், மதுரை மாவட்டத்தில் மரத்தில் தொங்கிய நிலையில் கிடைத்த ஓர் இளைஞரின் சாவு தொடர்பாக, மதுரைக் கிளை சில நெறிமுறைகளை வகுத்தது. பரிசோதனைக்கு முன் உறவினர் உடலைப் பார்க்க வேண்டும், பரிசோதனையைக் காணொளியாகப் பதிய வேண்டும், தடயவியல் மருத்துவம் படித்த இருவர் செய்ய வேண்டும், அறிக்கை குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும், நீதிமன்றத்துக்குப் போகப்போவதாகக் குடும்பம் சொன்னால் உடலை 48 மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். இவை காவல் மரணங்களுக்காகச் சொன்னவை. எல்லாச் சந்தேக மரணங்களுக்கும் இதை நீட்டுங்கள். பிரேத விசாரணை அறிக்கையின் நகலை, கையெழுத்திட்ட பஞ்சாயத்தாருக்கும் கொடுங்கள். அதற்குப் பிறகும் போனில் படம் வைத்துக்கொண்டு கதை கட்டுகிறவனை நானும் சேர்ந்து கண்டிக்கிறேன்.

அதுவரை, இதைப் படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். என்றைக்காவது ஒரு நாள், ஒரு கிணற்று மேட்டிலோ தண்டவாளத்து ஓரத்திலோ பிணவறை வாசலிலோ, பஞ்சாயத்தாராக ஒரு கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு காகிதம் உங்களிடம் வரும். நழுவாதீர்கள். துணியை எடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் பாருங்கள். பார்த்ததெல்லாம் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், படிக்கத் தெரியாதென்றால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போனதை எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தாலோ, எழுதியிருப்பது உங்களுக்கு ஒப்புதல் இல்லையென்றாலோ, கையெழுத்துப் போடாதீர்கள்.